கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதாம். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு எங்கள் நூலகத்து மாடிக்கு வரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஒரு பெரும்படையை இருட்டும்வரை வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் யாருக்குக் கோபம் எங்கே இருக்கிறதென்று உட்கார்ந்து பேசலாம்.

காலையில் நான் ஒரு பல் மருத்துவரின் முன்னறையில் டோக்கன் கொடுக்கிறேன். அங்கே வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதிக்கெல்லாம் சேர்த்து சாயங்காலம் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளைப் போல இரண்டுங்கெட்டான்கள் எங்கும் கிடையாது. சின்னப் பிள்ளை என்றால் முறைக்கும். பெரிய பிள்ளையாச்சே, இந்த பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்து என்றால் அந்த நிமிஷமே சின்னப் பிள்ளையாகிவிடும். வீட்டில் தனியாக விடப் பெற்றவர்களுக்குப் பயம், ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டாலோ பிள்ளைகளுக்கு வெட்கம். அதற்காகத்தான் பள்ளிக்கூடம் இந்தச் சாயங்கால கிளப்பை ஆரம்பித்தது. பள்ளியில் இடம் போதாமல், பக்கத்துத் தெரு நூலகத்தின் மாடியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தது. வீட்டுப்பாடம் முடிந்ததும் ஏதாவது ஒரு வித்தை கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. படிக்கிற காலத்தில் பள்ளி பேண்டில் டிரம் அடித்திருக்கிறேன். ஆகவே டிரம்.

நூலகத்துக்கு மேலே டிரம். இந்த யோசனை எந்தப் புண்ணியவானுக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

முதல் நாள் காலி பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டோம். பிள்ளைகள் ஆளுக்கு ஓர் அடி அடித்ததுதான் தாமதம், கீழேயிருந்து நூலகர் படியேறி வந்துவிட்டார். கோபப்படக்கூடத் தெரியாத மெலிந்த மனிதர். வாசலில் நின்று, உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் உஷ் சார்.

"மேடம், மேல நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. கீழ கேக்கக்கூடாது. பரீட்சைக்குப் படிக்கிறவங்க உக்காந்திருக்காங்க. இன்னொரு தடவை கேட்டுச்சுன்னா நான் பள்ளிக்கூடத்துல சொல்லித்தான் ஆகணும்."

வேறு யாராவது என்றால் டிரம்மை மூட்டை கட்டிவிட்டு, காகிதத்தில் பூ மடிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒருவர் செய்யாதே என்றால்தான் எனக்குச் செய்யத் தோன்றும். என் அம்மா எனக்குக் கொடுத்த ஒரே சீதனம் அதுதான். வீட்டிலிருந்து பழைய துண்டுகளைக் கொண்டுவாருங்கள் என்றேன். வாளிக்கு மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டோம். அப்போதும் பொத்துப் பொத்தென்று கேட்டது. எட்டாக மடித்தோம். அதற்குப் பிறகு கையையே பழக்கினோம். குச்சி முழு வேகத்தில் இறங்க வேண்டும், துண்டைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட வேண்டும். தாளத்தை வாயால் எண்ணக்கூடாது, தலையசைத்து எண்ண வேண்டும். 'ஆரம்பி' என்று சொல்வதற்கும் வாய் கிடையாது. நான் உதட்டில் விரலை வைப்பேன். எல்லோரும் குச்சியைத் தூக்குவார்கள். விரலை எடுத்ததும் அத்தனை குச்சியும் ஒன்றாக இறங்கும்.

என் பிள்ளைகளை நானே மெச்சக்கூடாது, ஆனால் அவர்கள் பிரமாதமாக அடித்தார்கள். பூனை நடந்தால்கூட எங்களைவிடச் சத்தமாக நடக்கும். ஒரு நாள் உஷ் சார் பாதிப் படியில் நின்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்து மாடி விளக்கை அணைத்துவிட்டுப் போனார். நாங்கள் இருட்டிலும் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை ஒரு வாளியில் அள்ளியிருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எல்லோரும் ஸ்பீக்கர் என்று கூப்பிடுவார்கள். அவள் முதல் நாள் வந்து, "அக்கா, நானும் சேந்துக்கலாமா?" என்று கேட்டபோது கீழே யாரோ புத்தகத்தை நழுவவிட்டது எனக்குக் கேட்டது. மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று சொல்லி என் தொண்டைதான் வற்றியது. தண்ணீர் கேட்பதைக்கூட அவள் ஊருக்கு அறிவிப்பது போலத்தான் கேட்பாள். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "உங்கிட்ட சொல்றதும் செவிடன் காதுல ஊதின சங்கும் ஒண்ணுதான்டி" என்றேன். எதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறவள் அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். முகம் சுண்டிப்போனது. மறுநாளிலிருந்து அடக்கிப் பேச ஆரம்பித்தாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத பெண். சத்தம் போட்ட அதே வீம்போடு சத்தத்தை விட்டாள். கொஞ்ச நாளில் எங்கள் எல்லோரிலும் சத்தமே இல்லாத குச்சி அவளுடையதுதான். முன்னால் உட்கார்ந்து மற்றவர்களை நடத்திப்போகும் இடத்தை அவளுக்கே கொடுத்தேன்.

அவளுடைய அம்மா பெரிய லாண்டரி ஒன்றில் வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரிகள், விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வெளுக்கப் போகும். சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வருவார், நூலக வாசலிலேயே நின்றுகொள்வார். பள்ளி விழாவில் எங்கள் டிரம்முக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தது போல. மாடிக்கே வந்துவிட்டார். நாங்கள் மும்முரமாக இருந்தோம். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சரம்மா, இவங்க என்ன பண்றாங்க?"

"டிரம் அடிக்கிறாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் குச்சியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். வாளியைக் குனிந்து பார்த்தார்.

"துண்டைத்தானே அடிக்கிறாங்க. அதுவும் படாம."

பிள்ளைகள் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"துணியோட மல்லுக்கட்டணும்னா எங்கூட லாண்டரிக்கு வரட்டுமே. அங்க ஆள் பத்தாம கெடக்கு. இவ மாமா அவன் வீட்ல வெச்சுக் கணக்கு சொல்லித் தர்றேங்கறான். அடுத்த மாசத்துல இருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அங்க போகட்டும்."

"நான் போகமாட்டேன்" என்றாள் ஸ்பீக்கர், எங்கள் மாடிக் குரலில்.

"என்ன?"

"நான் போகமாட்டேம்மா!"

அந்தப் பழைய குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. கீழே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். பிள்ளைகள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், உஷ் சார் தரையைப் பிளந்துகொண்டு வரப்போகிறார் என்பது போல. அவளுடைய அம்மா மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை விழாவாமே, பள்ளிக்கூடத்துல" என்றார் கடைசியில். "வர்றேன். கடைசி வரிசையில உக்காருவேன். நீங்க அடிக்கிறது எனக்குக் கேட்டுச்சுன்னா இவ இங்கயே இருக்கட்டும். கேக்கலேன்னா மாமா வீடு. சரிதானே?"

"சரி" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். பள்ளியின் சாமான் அறையில் நிஜ டிரம்கள் பூட்டிக் கிடந்தன. விழாவுக்கு அவற்றைத் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நிஜ டிரம்மை அடித்தால் கடைசி வரிசை என்ன, கடைசித் தெருவுக்கே கேட்குமே. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

புதன்கிழமை பள்ளி அரங்கில் ஒத்திகை. டிரம்களைத் தூசி தட்டி வரிசையாக வைத்தோம். நான் உதட்டில் விரலை வைத்தேன். எடுத்தேன். அத்தனை குச்சியும் இறங்கியது.

ஒன்றுமே கேட்கவில்லை.

சரியாகச் சொன்னால் இரண்டு இடத்தில் டப்பென்று கேட்டது, அது குச்சியைக் கீழே போட்டவர்கள். "என்ன விளையாட்டு இது? நல்லா அடிங்க" என்று கத்தினேன். அவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்கள். குச்சி முழு வேகத்தில் வந்து, டிரம்மின் தோலுக்கு ஒரு நூல் மேலே நின்றது. எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குத் தாத்தா என்று பெயர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான், வாயைத் திறந்தால் பழமொழிதான் வரும். அவன் தன் மணிக்கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, கை கேக்கமாட்டேங்குது."

அவன் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி நான் அடித்தேன். என் கையும் நின்றது.

"தொட்டில் பழக்கம்..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு."

எவ்வளவு திட்டினாலும் அன்றைக்குச் சத்தம் வரவில்லை. ஓங்கி அடித்தால் தாளம் சிதறியது, தாளம் சேர்ந்தால் சத்தம் போனது. உலகத்தில் எவ்வளவோ பேர் எவ்வளவோ தப்புச் செய்திருப்பார்கள். டிரம் அடிக்கத் தெரிந்த ஒரு கூட்டத்தையே டிரம் அடிக்க முடியாதவர்களாக ஆக்கியது நானாகத்தான் இருக்கும். ஸ்பீக்கர் அழுவாள் என்று நினைத்தேன். அவள் டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பழக்கமில்லாத மாட்டைத் தடவிக்கொடுப்பது போல.

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல அக்கா" என்றாள்.

மறுநாள் மதியம், பல் மருத்துவரிடம் பொய் சொல்லிவிட்டு நேரே லாண்டரிக்குப் போனேன். அவளுடைய அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. கடைசி வரிசை வேண்டாம், முதல் வரிசையில் உட்காருங்கள். முதல் வரிசைக்கு எப்படியாவது கேட்கச் செய்துவிடலாம்.

அந்த இடத்துக்குள் நுழைந்ததும் தரை அதிர்வது கால் வழியாக ஏறியது. ஒவ்வொரு மெஷினும் ஓர் அறை அளவு. ஈர விரிப்புகளை உள்ளே போட்டுச் சுழற்றும்போது எழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கடைசியில், நீராவி விடும் பெரிய இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் ஒரு பக்கம் விரிப்பை நீவி உள்ளே தள்ள, மறுபக்கம் இன்னொரு பெண் இழுத்து மடித்துக்கொண்டிருந்தார். எதற்காகவோ மெஷின்களை நிறுத்தினார்கள். திடீரென்று நிசப்தம். நான் அவருக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எதிரே நின்ற பெண் என்னைக் கைகாட்டிய பிறகுதான் திரும்பினார். திரும்பியதும் அவர் பார்த்தது என் கண்ணை அல்ல, உதட்டை.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் எனக்குப் புரிந்தது தெரிந்துவிட்டது. பின்பக்கக் கதவுக்கு வெளியே கூட்டிப்போனார்.

"இந்த மெஷினுங்க பக்கத்துல நின்னு நின்னே காது மந்தமாயிடுச்சு டீச்சரம்மா. எதிர்ல நின்னு பேசுனா புரிஞ்சுக்குவேன். சத்தமாப் பேசுனாக் கேக்கும்."

"அதான் அவ சத்தமாப் பேசுவாளா?"

"எனக்காகத்தான். சின்னதுல இருந்தே கத்திக் கத்திப் பழகிட்டா. வீட்ல அவ ஒருத்தி பேசுறதுதான் எனக்குப் பாக்காமலே கேக்கும். அடுப்படியில நின்னுட்டிருப்பேன், அவ உள்ள இருந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிட்டே இருப்பா." கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டார். "இப்பக் கொஞ்ச நாளா வீட்லயும் மெதுவாத்தான் பேசுறா. உங்க எடத்துப் பழக்கம். என்ன, என்னன்னு கேட்டுப் பாத்தேன். எத்தனை தடவை கேக்குறது? இப்ப கேக்குறத விட்டுட்டேன். அவளும் சொல்றத விட்டுட்டா."

செவிடன் காதில் ஊதின சங்கு. நான் சொன்னது என் காதிலேயே திரும்ப விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் வரிசையில் உட்காருங்கள் என்று கேட்க வந்தவள் அதைக் கேட்டும் விட்டேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"வேணாம்" என்றார். "பக்கத்துல உக்காந்தா கையைப் பாத்தே கேட்ட மாதிரி ஆயிடும். எல்லாத்தையும் நான் அப்படித்தான் கேக்குறேன். என்னை நானே ஏமாத்திக்குவேன். பின்னாடி உக்காந்து கண்ணை மூடிக்கிறேன். கேட்டாக் கேக்கட்டும்."

அங்கிருந்து நூலகம் வரைக்கும் நடந்தே வந்தேன். எனக்குக் கோபம் வந்திருந்தது, ஆனால் இது வேறு கோபம். இந்தப் பெண்மணிக்குக் கேட்காமல் நாளைக்கு அந்த அரங்கை விட்டு ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பிள்ளைகளை மாடி ஏறவே விடவில்லை. வாளிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கச் சொன்னேன். துண்டுகள் அங்கேயே கிடக்கட்டும் என்றேன். ஊரில் சத்தம் போட்டால் யாரும் ஏனென்று கேட்காத இடம் ஒன்றுதான் உண்டு, ரயில் பாலத்துக்கு அடியில். அங்கே ஏற்கெனவே சத்தம் குடியிருக்கிறது. பிள்ளைகளைப் பாலத்தின் ஒரு முனையில் உட்காரவைத்துவிட்டு, நான் மறுமுனைக்குப் போய் நின்றேன்.

"ரயில் வரும்போது அடிக்கணும். ரயிலைத் தாண்டி எனக்குக் கேக்கணும். கேக்குற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது."

முதல் ரயில் எங்களை மதிக்கவே இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். தூரத்திலிருந்து பார்த்தால் குச்சிகள் மேலும் கீழும் போவது தெரிந்தது, அவ்வளவுதான். தாத்தா, "அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். "அடி விழுந்தாத்தானேடா நகரும்" என்றாள் ஒருத்தி. அவர்கள் தலையைத் தலையை ஆட்டித் தாளம் எண்ணுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றேன்.

"நீ வாயைத் திறந்து எண்ணு."

"சத்தமாவா?"

"உங்க வீட்ல அம்மா அடுப்படியில நிக்கிறாங்க, நீ உள்ள இருக்க. அப்ப எப்படிப் பேசுவ? அப்படி எண்ணு."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் லாண்டரிக்குப் போனது அவளுக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். மூச்சை இழுத்து, "ஒண்ணு!" என்றாள். பாலத்துத் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன. "ரெண்டு!" என்றபோது அவள் கை அவளை அறியாமல் இறங்கியது. வாளி அலறியது. அவளே ஒரு நொடி பின்வாங்கினாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

சூட்சுமம் அவ்வளவுதான். வாய் திறந்தால் கை திறந்தது. எல்லோரும் எண்ண ஆரம்பித்தார்கள். வாளி ஒன்று வெடித்தது, ஒருவனுக்கு உள்ளங்கை கொப்புளித்தது. அடுத்த ரயில் வந்தபோது நான் மறுமுனையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். தலைக்கு மேல் ரயில் தடதடக்க, அதற்கு அடியிலிருந்து, அதைத் தள்ளிக்கொண்டு எங்கள் தாளம் வந்தது. நான் அழுதேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆமாம், அழுதேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரங்கு நிறைந்திருந்தது. பிள்ளைகள் தாங்களே போய்க் கூப்பிட்டதால் உஷ் சாரும் வந்திருந்தார், துவைத்து மடித்த சட்டையில். நான் மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கடைசி வரிசையின் நடுவில் ஸ்பீக்கரின் அம்மா உட்கார்ந்திருந்தார். திரை விலகியதும் கையை மடியில் வைத்து, சொன்னது போலவே கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டம் அமைதியானது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்தினார்கள். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். இத்தனை நாளும் செய்தது போல, யோசிக்காமல், என் கை தானாக எழுந்து போய் உதட்டில் விரலை வைத்தது.

எடுத்தேன். அத்தனை குச்சியும் ஒன்றாக இறங்கியது.

அப்படியொரு துல்லியம் எங்களுக்கு அதற்கு முன்பு வாய்த்ததில்லை. ஒரு தலைகூடத் தப்பாக அசையவில்லை. குச்சிகள் அலையலையாக எழுந்து இறங்கின. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பாலமும் ரயிலும் எங்கே போயினவோ, அமைதியான ஓர் இடத்தையும் என் விரலையும் ஒன்றாகப் பார்த்ததும் பிள்ளைகள் நூலகத்து மாடிக்குப் போய்விட்டார்கள். கூட்டம் இது ஏதோ ஊமை நாடகம் என்று நினைத்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் ரசித்துப் புன்னகைத்தார்கள். உஷ் சார் மட்டும் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பக்கத்தில் கையை ஆட்டினேன், குதித்தேன், வாயைத் திறந்தேன், எனக்கும் குரல் வரவில்லை.

கடைசி வரிசையில் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்துக்கொண்டிருக்கிற முகம். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை நீட்டி நீட்டி மேடையைப் பார்ப்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் போனதும் அந்த முகம் மெல்லத் தாழ்ந்தது. மடியில் இருந்த பையின் வாரைக் கை தேடியது.

ஸ்பீக்கர் அதைப் பார்த்தாள். அவள் குச்சி நின்றது. மற்றவர்கள் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டே இருக்க, அவள் மட்டும் டிரம்முக்குப் பின்னால் எழுந்து நின்றாள்.

"ஒண்ணு!"

அரங்கின் கூரைவரை போய்விட்டு வந்தது அந்தக் குரல். முன்வரிசை துள்ளியது. கடைசி வரிசையில் அவளுடைய அம்மா கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். பிறகு, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்பது போல, மறுபடியும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டு!" இதற்குத் தாத்தாவும் சேர்ந்துகொண்டான். "மூணு!" இதற்கு எல்லோரும். நாலு என்று யாரும் சொல்லவில்லை. நாலை டிரம்கள் சொல்லின.

அதற்கப்புறம் நடந்ததை அடித்தார்கள் என்று சொன்னால் போதாது. நூலகத்து மாடியில் மிச்சம் பிடித்து வைத்திருந்த சத்தம் அத்தனையையும் அன்றைக்கு ஒரே மூச்சில் செலவழித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது, அது எனக்குக் கேட்கவில்லை, வாய் திறந்திருந்ததுதான் தெரிந்தது. உஷ் சாரின் விரல் பழக்கத்தில் உதடு வரை போய், என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைத் தடவிவிட்டு இறங்கியது. நான் மேடையைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கண்ணோடு அவர் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்சம்கூடத் தப்பாமல் ஆடியது.

முடிந்ததும் அவர் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருந்தாலும் அந்த உடைந்த குரலிலேயே கத்திக் கேட்டாள்.

"கேட்டுச்சாம்மா?"

"மொதல்ல ஒண்ணும் கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் கேட்டுச்சு." மகளின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தார். "மாமாகிட்ட நான் சொல்லிடறேன். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லு. நான் அடுப்படியில இருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, அந்தத் துண்டெல்லாம் எங்க இருக்கு?"

"நூலகத்து மாடியிலதான் கெடக்கு."

"திங்கக்கிழமை மூட்டையாக் கட்டி வைங்க. நான் வந்து லாண்டரிக்கு எடுத்துட்டுப் போறேன்."

"துவைச்சு எப்பத் தருவீங்க?"

"தரமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. அவருக்கு நேராக நின்று, உதடு தெரியும்படி, "அப்புறம் நூலகர் மேல ஏறி வந்துடுவாரே" என்றேன்.

"வரட்டும். நான் வாசல்ல நின்னுக்கறேன்" என்றார் ஸ்பீக்கரின் அம்மா. "அவர் உஷ்ஷுன்னு சொன்னா எனக்குக் கேக்கவா போகுது?"